வேலியோரத்தை வெட்ட வேண்டாம்

அப்பா,

வேலை முடிந்து நேரே தோட்டக்கலை மாலை வகுப்புக்குப் போகிறேன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

இன்று ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வருமுன் நீங்கள் புல் வெட்டுவீர்கள் என்று தெரியும். வேலியோரம் நான் சுற்றி நூல் கட்டிய துண்டு நிலத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே நிற்பது லியாட்ரிஸ், அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் காட்டுப்பூ. முதல் வருடம் பார்வைக்குப் புல்லைப் போலத்தான் இருக்கும். கிழங்கு பருத்த பிறகுதான் பூக்கும்.

"புல்லு வளர்க்கப் படிக்கவோ பிள்ளை கிழமைக்குக் கிழமை போறாய்?" என்று நேற்றுக் கேட்டீர்கள். அம்மாவும் சிரித்தா. நான் எழும்பி மாடிக்குப் போனது கோபத்தில் மட்டும் இல்லை. எது லியாட்ரிஸ், எது புல் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டையும் வளரவிட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு வரும் புஷ்பராணி அன்ரி "என்ன ஜீவரட்ணம் அண்ணை, அந்த மூலை காடாக் கிடக்கு" என்று கேட்டால், அனோஜா விதைத்தது என்று சொல்லுங்கள். புல் வெட்டும் மெஷினை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அனோஜா

மீன் கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். லியாட்ரிஸுக்கு வேண்டாம். உரம் கூடினால் தண்டு சாய்ந்துவிடும்.

இன்னொன்று. வெட்டிவிட்டீர்கள் என்றால் சண்டை பிடிக்க மாட்டேன். மிச்ச விதை என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருக்கிறது. குளிர் தொடங்கமுன் அதே இடத்தில் திரும்ப விதைப்பேன்.