மருந்து என்று எழுதிய போத்தல்கள்

இன்று காலை அச்சாறு போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியது. உங்கள் கையின் மணம். படம் கழுவிய கையோடு அப்படியே சோற்றுக்கு வந்து உட்காருவீர்கள். "சவுக்காரம் போட்டுக் கழுவிற்று வாங்க!" என்று நான் கத்துவேன். அப்போது அது எரிச்சல் மூட்டும் மணம். இன்றைக்கு அடுப்படியில் தனியே நின்ற எனக்குப் பயத்தில் வியர்த்துவிட்டது. போத்தலை மூடிவைத்துவிட்டேன். யார் சாப்பிட அச்சாறு?

கல்யாண வீட்டுப் படமெல்லாம் கணினிக்குப் போன பிறகும் உங்களுக்கு மட்டும் குளியலறைக்குப் பக்கத்து இருட்டறையும் சிவப்பு விளக்கும் வேண்டியிருந்தன. படம் கழுவப் பாவித்து முடிந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றினீர்கள். வாழை கருகிப்போனது. "கிணறு பக்கத்தில கிடக்கு, கண் தெரியல்லையா?" என்று நான் ஆடிய ஆட்டத்தில்தான் அதைப் போத்தல்களில் சேர்க்கத் தொடங்கினீர்கள். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், கையில் கிடைத்ததெல்லாம். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பாப்பம்." பார்க்காமலே போய்விட்டீர்கள். மாரடைப்புக்கு என்ன அவசரமோ.

ஒவ்வொரு போத்தலிலும் அழகான கையெழுத்தில் "மருந்து" என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள். படம் கழுவுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். உங்களுக்குள் சரி. வேறு ஆட்களும் அதை வாசிப்பார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்த ஆட்டத்திவசத்துக்குத் தேற்றாத்தீவிலிருந்து உங்கள் தங்கை வந்திருந்தாள். இருமல் அவளை உலுப்பிக்கொண்டிருந்தது. உங்கள் இருட்டறையைக் கூட்டப் போனவள் கையில் ஒரு கிளாசோடு திரும்பி வந்தாள். உள்ளே தேயிலைச் சாயம் போல மண்ணிறத் தண்ணீர்.

"அண்ணன் கசாயம் காய்ச்சி வெச்சிரிக்கார் மச்சாள். மருந்தெண்டு எழுதிக் கிடக்கு. என்னகா இப்பிடிக் கைக்குது?"

கைக்குது என்றாள். அப்படியென்றால் வாயில் வைத்துவிட்டாள். ஐயோ! கிளாசைத் தட்டிவிட்டேன். வாயைக் கழுவக் கழுவ அவள் அழுதாள். ஓட்டோவில் அவள் தலை என் தோளில் ஆடிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று தாதி கேட்டாள். "மருந்து குடிச்சிற்றா" என்றேன். தாதியின் முகம் மாறிவிட்டது. என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு மச்சாளிடம் குனிந்து, "ஏன் புள்ள, வீட்டில என்ன பிரச்சினை?" என்று மெல்லக் கேட்டாள். நம்மூரில் ஒருத்தி மருந்து குடித்தாள் என்றால் வேறென்ன அர்த்தம்? வயலுக்கு அடிக்கிறதா, எந்த மருந்து, பெயர் என்ன என்று டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "போத்தலில மருந்தெண்டுதான் கிடந்தது டொக்டர்" என்றேன். அந்த நேரம் உங்களை நினைத்து அழவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

மச்சாள் தப்பிவிட்டாள். இப்போது தொலைபேசியில் சிரிக்கிறாள்: "அண்ணன் என்னையும் கூட்டிற்றுப் போகப் பாத்தார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு செங்கலடியில் இருக்கும், இரசாயனம் படிப்பிக்கிற ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடையில் வாங்கியபடி இரசாயனத்தின் பெயரோடு இருந்தவற்றை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் என்னெண்டு தெரியாம வாகனத்தில ஏத்த ஏலா அக்கா. ஒண்டோட ஒண்டு கலந்திராதீங்க, புகை கிளம்பினா மூச்சு நிண்டிரும். கக்கூசுக்கயும் ஊத்தாதீங்க, ஆத்துக்கயும் ஊத்தாதீங்க. மழை விட்டதும் மறுகா வந்து சோதிச்சுப் பாக்கிறன்."

மழை விடவில்லை. வாவி ஏறி வீட்டுக்கு முன் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர். வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட ஆற்றுவாயை இன்னும் வெட்டவில்லையாம். வெள்ளம் அந்த அறைக்குள் வந்தால் போத்தல்கள் மிதந்து முட்டி உடையும். நம் கிணறு மட்டுமா, ஒழுங்கையில் உள்ள கிணறு எல்லாம் கெட்டுப்போகும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் அதைக் குளிப்பாட்டுகிறார்கள்.

பின்னேரம் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். எங்கே வைப்பது? அலுமாரி மேல் வைத்தால் விழும். மேசைக்குக் கால் ஆடுகிறது. கடைசியில் வாளிகளில் நிறுத்தி, முட்டாமல் இருக்க நீங்கள் உடுத்த சாரங்களைச் சுற்றி, கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

எத்தனை வருடம் உங்களோடு படுத்த கட்டில் இது. இன்றைக்கு அதில் புரண்டு படுக்கப் பயந்து ஓரத்தில் குந்திக்கொண்டிருக்கிறேன்.