என் முகத்துக்குக் கீழே ஒரு பிள்ளை

என்ர ஹெல்கா அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடினபிறகுதான் உங்கட மதிப்பு உலகத்துக்குத் தெரியுது. ஜெர்மனியில இருந்து மொன்ட்ரியாலுக்கு வந்து, பகலில கோட்டுத் தைக்கிற பக்டரி, பின்னேரம் குசினி மேசையில படம் கீறுறது எண்டு இருந்தனீங்கள். மேல்வீட்டு மனுசி ஓவியர் எண்டு எங்கட சென்ட் லோரன்ட் பக்கத்தில ஆருக்குத் தெரியும்? இப்ப கண்காட்சி வைக்கப்போயினமாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நான் பயத்தங்காய் முறிச்சுக்கொண்டு இருக்கேக்க என்னைக் கீறித் தந்தீங்களே, அந்தப் படத்தையும் கண்காட்சிக்காரப் பெட்டை வாங்கிக்கொண்டு போனவள். படத்துக்கு எக்ஸ்ரே எடுத்தவையாம். "மடாம், உங்களுக்குக் கீழ இன்னொரு படம் இருக்கு" எண்டு அந்த எக்ஸ்ரேயைக் காட்டினாள்.

பழைய படத்துக்கு மேலேயே கீறுறது உங்கட பழக்கம். சிக்கனம் எண்டுதான் நினைச்சிருந்தன். கீழ ஒரு சின்னப் பிள்ளை அக்கா. கண் மூடி, கை ரெண்டும் நெஞ்சில, தலைமாட்டில பூ. நித்திரை இல்லை எண்டு உடன விளங்கிட்டுது.

ஆர் அது? உங்கட நாட்டுச் சண்டைக்காலத்தில ஒரு தங்கச்சி இருந்தவ எண்டு ஒருக்காச் சொல்லி நிப்பாட்டினீங்கள். அவவோ? இல்லாட்டி ஒருத்தருக்கும் சொல்லாத உங்கட பிள்ளையோ? ஏன் அதுக்கு மேல என்னைக் கீறினீங்கள்? மறைக்கவோ, என்னட்டை ஒப்படைக்கவோ? எனக்குத் தலை வெடிக்குது.

என்னைச் சுரண்டி எடுத்தால் அந்தப் படம் வெளியில வருமாம். அதுதான் உங்கட ஆகத் திறமான வேலையாம். படம் என்ரதானே, நான் ஓம் எண்டால் போதும். ஓம் எண்டும் வாய் வருகுதில்லை, மாட்டன் எண்டும் வருகுதில்லை.

நேற்றுப் படத்தைத் திருப்பித் தந்தவை. தெருமூலை டெப்பானர் கடையில றோசாப்பூ வாங்கி மாலை கட்டிப் போட்டு, சாமியறையில கொளுவி, விளக்கும் வைச்சிட்டன். இவர் வேலையால வந்து பாத்துப் பதறிப்போனார்.

"உனக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு மாலை போடுவினமோ?"

"எனக்கில்லையப்பா. கீழ கிடக்கிற பிள்ளைக்கு."

மனுசன் கைகால் கழுவிப்போட்டு வந்து கும்பிட்டார்.

சுரண்ட விடமாட்டன் எண்டு அந்தப் பெட்டைக்குச் சொல்லப்போறன். சரியோ பிழையோ, சத்தியமாத் தெரியாது. ஆனா பேர் தெரியாட்டிலும், நான் இருக்கிறவரைக்கும் அந்தப் பிள்ளைக்கு விளக்கு வைப்பன் அக்கா.

உங்கட கீழ்வீட்டுத் தங்கச்சி,
வசந்தி