கொட்டகைக்குப் போன சோளப்பொரி

மாசி 9, திங்கள்
காலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் நல்ல வெயில். சந்தைமேட்டில் சினிமாக் கொட்டகை எழும்புகிறது. கீற்று வேய்கிறார்கள்.

இவர் கட்டிலில்தான். பஸ் கூரையில் மூட்டை ஏற்றும்போது விழுந்து கால் முறிந்ததும், கண்டக்டர் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. கோல் ஊன்றி நடக்கலாம் என்று கட்டுப்போட்ட வைத்தியர் சொல்லியாயிற்று. நடப்பதில்லை. யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்கவில்லையாம்.

எனக்கு ஒரு யோசனை. கொட்டகையில் பொரி விற்பது. வெறும் பொரி அல்ல; காரப்பொரி, வெல்லப்பொரி. ரேஷன் அரிசியைத் தொட முடியாது. குதிரில் சோளம் இருக்கிறது.

செவ்வாய்
முதல் சட்டி வீண். பாதி பொரியவே இல்லை, மீதி கருகல். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி மரகதம், கோழிக்கா?" கோழியும் தின்னவில்லை.

சோளம் ரொம்பக் காய்ந்து கிடக்கிறது, அதுதான். உப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் மூடிவைத்தேன். நாளை பொரியும்.

புதன்
பொரிந்தது! சட்டியில் மணல் நன்றாகச் சூடேறியபின் ஒரு பிடி சோளம் போட்டேன். சடசடவென்று அடுக்களை முழுக்க வெள்ளை. என் தலைமுடியில்கூட.

காரம்: வற்றல் மிளகாய், பூண்டு, உப்பு இடித்தது. கடலை எண்ணெய், கறிவேப்பிலை. எண்ணெய் சூட்டோடு பொரியைக் கொட்டிக் கிளற வேண்டும். ஆறினால் தூள் ஒட்டாது.
வெல்லம்: முதல் பாகு இளசு, பொரி நமுத்துப்போனது. தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்கும் பதம் வேண்டும். சுக்குத்தூள் மறக்கக் கூடாது.

பாக்கியம் அக்கா இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள். "கொட்டகைக்கு நானும் வாரேன், ஒனக்குத் தொணையா."

இவரிடம் சொன்னேன்.
"எம் பொண்டாட்டி கொட்டகையில கூடையோட ஒக்காரணுமா? ஊரு என்ன சொல்லும்?"
"நல்லா இருக்குன்னு சொல்லும்."
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளி
முதல் படம். லேசான காற்று. கொட்டகை மேனேஜர் ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "பொம்பளைங்க பக்கம் மட்டும் வித்துக்கம்மா. அங்கிட்டு போகக் கூடாது, ஆம்பளை ஆள் இருந்தா அனுப்பு" என்றார்.

ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் மாட்டும் இடைவெளியிலேயே கூடை காலி. ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "வாசனை மட்டும் எங்களுக்கா?" கதாநாயகி அழுததை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்தேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டேன், பேசாமல் சாப்பிட்டார். அதுதான் வலித்தது. திட்டியிருக்கலாம்.

சனி
இன்னும் பேச்சு இல்லை. மத்தியானம் கிணற்றடியில் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து சட்டியை அடுப்பில் ஏற்றினேன். நான் செய்வது தப்பில்லை. இன்றும் எல்லாம் விற்றுப்போனது.

ஞாயிறு
உச்சி வெயில். மணல் சலிக்கும்போது பின்னால் கோல் சத்தம். இவர்! அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, கேட்காமல் டின்னில் கைவிட்டு ஒரு பிடி காரப்பொரி. மென்றார். இன்னொரு பிடி.

"ஆம்பளைங்க பக்கம் யாரு விக்கிறா?"
"யாரும் இல்ல."
கையில் ஒட்டிய தூளை வேட்டியில் துடைத்தார்.
"ஒரு கூடைய இங்கிட்டு வையி."
"கால் வலிக்குமேங்க."
"வலிக்கட்டும். ஒக்காந்துதானே விக்கப் போறேன்."

சாயங்காலம் கொட்டகைவரை நடந்தார். நானும் அக்காவும் பின்னால், கூடைகளோடு. வழியில் பார்த்தவர்கள் நலம் விசாரித்தார்கள். நின்று நின்று பதில் சொன்னார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கமிருந்து இவர் குரல்: "காரம், வெல்லம்! ஏறாதவங்க ஏறிக்கங்க!" பஸ்ஸில் கூப்பிடும் அதே குரல். கொட்டகையே சிரித்தது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. பாக்கியம் அக்கா பார்க்கவில்லை.

திங்கள்
விடியும்போதே எழுந்து கோலோடு அடுக்களைக்கு வந்துவிட்டார்.
"ஆளுக பிரியமாத்தான் வாங்குறாக. காரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கு."
காரம் சரியாகத்தான் இருக்கிறது. தூக்க மாட்டேன்.