ஓரத்தில் பென்சில் எழுத்து

வடக்கு டகோட்டா
பிப்ரவரி 9

அன்பு மாரென்,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான்கு நாளாக ஓயாத பனி. ஜன்னலுக்கு வெளியே வேலியும் இல்லை, சாலையும் இல்லை, வெள்ளை மட்டும்தான்.

செப்டம்பரில் நீ கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. வெஸ்லி உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறான், என் வாயால் ஒரு வார்த்தை வந்தால்தான் நீ சம்மதிப்பாய் என்று எழுதியிருந்தாய். என் மகன் ஆன்டர்ஸ் ஆப்கானிஸ்தானிலிருந்து பெட்டியில் வந்து ஆறு வருடம். ஆறு வருடமாக நீ அவன் விதவை. நானோ குருவிகளையும் மூட்டுவலியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். போதாதென்று கிறிஸ்துமஸுக்கு அவனுடைய கம்பளிக் கோட்டைப் பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பினேன். கெட்டிக்காரி நான்.

இந்த மாதம் நூலக வாசிப்புக் குழுவில் ஒரு போர்க்கால நாவல். போரில் மகனைப் பறிகொடுத்த தாய், அவன் மணக்கவிருந்த பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாள். அவன் கோட்டை அவளுக்குப் போர்த்திவிடுகிறாள். ஒரு பள்ளி ஆசிரியன் அந்தப் பெண்ணை விரும்பி வருகிறான். தாய்க்காக அவள் மறுத்துவிட்டு அங்கேயே நரைத்துப்போகிறாள். பிற்பகல் முழுக்க நாற்காலியில் படிப்பேன், அப்படியே கண் செருகும். விழித்தால் எது புத்தகத்துப் பனி, எது ஜன்னல் பனி என்று பிடிபடாது. அந்தப் பெண்ணுக்கு உன் முகம் வந்துவிட்டது. எங்கள் மாடிப்படியில் நீ நடக்கிற சத்தம்கூடக் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூடியபோது எல்லாரும் அந்தத் தாயைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். "கெழவி அந்தப் பொண்ண உசுரோட பொதச்சுட்டாளே" என்றாள் குட்ரூன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்துப் பறிகொடுத்தவளுக்குத்தான்டி தெரியும்!" என்று கத்திவிட்டேன். அதன் பிறகு ஒருவரும் காப்பியைத் தொடவில்லை.

எங்கள் ஊர்க் கிழடுகளின் பழக்கம் உனக்குத் தெரியும்: படித்த புத்தகத்தையே நூலகத்திலிருந்து மறுபடி எடுத்துப்போகாமல் இருக்க, ஆளுக்கொரு பென்சில் குறியை முப்பதாம் பக்கத்தில் போட்டுவைப்போம். இது குழுவுக்காக நூலகமே எடுத்துக் கொடுத்த பிரதி என்பதால் நான் அந்தப் பக்கத்தைக் கவனிக்கவே இல்லை. பேச்சை மாற்ற என் பிரதியைப் புரட்டிய குட்ரூன், "ஏன்டி வெர்னா, இது உன் குறிதானே? முன்னாடியே படிச்சிருக்கியே!" என்றாள். என் குறியேதான், சின்னக் கோழிக்கால். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். கோட்டைப் போர்த்துகிற இடத்தில், ஓரத்தில், மங்கலாக என் கையெழுத்து: "பாவி, அவளைப் போக விடு!"

அப்புறம்தான் நினைவு வந்தது. ஆன்டர்ஸுக்கு அப்போது பதினைந்து வயது. அடுப்படியில் நின்றபடி அழுது அழுது படித்தேன். அவன் என் தோளில் முகவாயை வைத்து, "கதைக்காக அப்புறமா அழும்மா, எனக்குப் பசிக்குது" என்றான். பக்கத்தில் மகன் நிற்கும்போது அந்த வரியை எழுதுவது எத்தனை சுலபமாக இருந்திருக்கிறது!

இப்போது சுலபமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்: வெஸ்லியைக் கட்டிக்கொள். அந்தக் கோட்டை, குளிரில் நிற்கிற யாருக்காவது கொடுத்துவிடு. கல்யாணத்துக்கு வருவேன், பலமாக அழுவேன்; அவனிடம் முன்கூட்டியே சொல்லிவை, பயந்துவிடப் போகிறான். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பையன் பிறந்தால் ஆன்டர்ஸ் என்று பெயர் வைக்காதே. எனக்காக வைத்தாலும் வைப்பாய், உன்னைத் தெரியும். வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் இன்னும் வாசலைத்தான் பார்க்கிறேன்.

இனி உனக்கு நான் என்ன முறை என்று தெரியாமல்,
வெர்னா