யாருடைய கைப்பிடி?

வைகாசி 18, வியாழன். திண்டிவனம்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. காலையில் டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனோம்.

"பழம் எவ்ளோ குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னாப்லயே வேளைக்கு ஒரு கைப்பிடிதாங்க" என்றேன். போன மாதம் தடுப்பூசி போட்டபோது அவர்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து காலையும் மாலையும் மாம்பழத்தை நானே நறுக்கி, நானே அள்ளி வைத்தேன்.

டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். வேர்க்கடலை மண்டியில் பத்து வருடமாக மல்லாட்டை மூட்டைக்குள் விட்டு, ஒரு பிடி அள்ளி, தரம் பார்த்து விலை சொல்கிற கை. எனக்குத் தெரிந்த பிடி இது ஒன்றுதான்.

"ஐயோ, உங்க கைப்பிடி இல்லீங்க! பாப்பாவோட கைப்பிடி."

"நான் அப்பவே சொன்னேன் மேடம். இவுரு கேக்காம அள்ளி வச்சிக்கினே இருந்தாரு" என்றாள் செல்வி. கட்டியவளே காட்டிக்கொடுத்ததில் எனக்கு முகம் எரிந்தது.

உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம். மதியத்துக்கு மேல் போக்கு நின்றது. மாலையில் வாழைப்பழத்தைச் சின்னதாக நறுக்கித் தட்டை அவள் முன்னால் வைத்தேன், அவளே எடுக்கட்டும் என்று. மூன்று துண்டுதான் அந்தக் கையில் அடங்கியது. தின்று முடித்துவிட்டு, வெறுங்கையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒற்றை மல்லாட்டைக் காய் மாதிரி கிடந்தது. அதற்குள் ஐந்து விரல், ஐந்து நகம், ரேகைகூட இருக்கிறது. பிறந்ததிலிருந்து தூக்குகிறேன், இன்றுதான் பார்க்கிறேன்.

எந்த மூட்டையானாலும் ஒரு பிடி அள்ளினால் விலை வாயில் வந்துவிடும். இந்தப் பிடிக்கு விலை சொல்ல வாயே வரவில்லை.