சனிக்கிழமை மேசையில் உன் கதிரை

குவேக்கர்ஸ் ஹில்
14.08.2011

அன்பு மகன் நிரோஜனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. நீயும் மெல்பேர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்று வழக்கம்போல எழுத வந்து கையை நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் உன் சுகம் எனக்குத் தெரியும். போன கிழமை உனக்குக் காய்ச்சல் வந்ததும் தெரியும், நீயே ரசம் வைத்துக் குடித்ததும் தெரியும். நீ சொல்லித் தெரியவில்லை, கிரிஜாவின் வலைப்பூவில் நீ போட்ட பின்னூட்டத்தை வாசித்துத் தெரிந்துகொண்டேன். அதே கிழமை நான் போன் எடுத்தபோது ஓமம்மா, சுகமம்மா, வேலையில நிக்கிறனம்மா என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அந்த வலைப்பூவை எனக்குத் திறந்து காட்டியதே நீதான். வேலை கிடைத்து நீ மெல்பேர்னுக்கு வெளிக்கிட முன்னர் என் லாப்டாப்பில் போக்கர் சீட்டாட்டத்தை ஏற்றித் தந்து, நீங்கள் கணக்குப் படிச்சனீங்கள்தானே, உங்களுக்கு இது லேசு, சனிக்கிழமை பின்னேரங்களில ரெண்டு பேரும் ஒரே மேசையில இருப்பம், கதைச்ச மாதிரியும் இருக்கும் என்றாய். விளங்காவிட்டால் இந்த அன்ரி எழுதுறதை வாசியுங்கோ, அவவும் உங்களை மாதிரித்தான், பகுதிநேர வேலை, பகுதிநேரப் போக்கர் என்று சிரித்தாய். நானும் வாசித்தேன். முதலில் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், இப்போது மெல்பேர்னில் இருக்கிறவர், என் வயது, எப்போது சீட்டைக் கீழே வைப்பது, எப்போது பிடித்துக்கொண்டு நிற்பது என்று பக்கத்தில் இருந்து சொல்வதுபோல எழுதுவார், நடுவில் பருப்புப் பொடிக்குச் செய்முறையும் வரும். சைல்ட்கெயாரில் கிழமைக்கு மூன்று நாள் வேலை செய்து பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு வந்து, மிச்ச நாட்களில் தேத்தண்ணியோடு அதை வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் உன் பெயர் மேசையில் வந்து உட்காரும்போது நீயே குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருப்பதுபோல இருக்கும். அப்பா எட்டிப் பார்த்து, தாயும் மகனும் எந்தெந்த ஊர்க்காரரைக் கவிழ்க்கிறியள் என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிறகு நீ அவருக்குப் பின்னூட்டம் எழுதத் தொடங்கினாய். அதுவும் தமிழில். உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்காது. காருக்குள் ஏற்றினால் வயிற்றுக்குத்து, இறக்கினால் சுகம். இன்றுவரை எனக்கு நீ அனுப்புகிற எஸ்.எம்.எஸ். எல்லாம் ஆங்கிலம். கிரிஜாவுக்கு மட்டும் பத்து வரி, பதினைந்து வரி தமிழ், எழுத்துப் பிழைகளோடு. அவர் கீழே வந்து, நிரோஜ் கண்ணா, அது பெரிய ற, சின்ன ர இல்லப்பா, சரி அது கிடக்கட்டும், நேத்து சாப்பிட்டியா, இந்தப் பக்கம் வாயேன் என்று எழுதுகிறார். நீ நன்றி அன்ரி என்று திருத்தி எழுதுகிறாய். நான் திருத்திய கொப்பிகளை நீ கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவாய். வாசித்துக்கொண்டிருந்த நான் லாப்டாப்பை மூடிவிட்டுப் போய்க் காரணமில்லாமல் குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்தேன். இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறவருக்கு என் பிள்ளையும் வேண்டுமோ என்று நினைத்தேன். நினைத்தது சரியில்லை என்று தெரிந்துகொண்டே நினைத்தேன், அதுதான் இதில் உள்ள கஷ்டம்.

அதற்குமேல் யோகா அன்ரி வேறு. மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு வந்து திரும்பிய கையோடு எனக்குப் போன் எடுத்து, உன்ர பெடியனைக் கண்டனான் வதனா, ஒரு இந்தியப் பொம்பிளையோட இருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டு நிண்டவன், என்ன சிரிப்பு, ஆரும் பாத்தால் தாயும் மகனும் எண்டுதான் சொல்லுங்கள் என்றார். அப்பாவிடம் சொன்னேன். இஞ்சருமப்பா, பெடியன் தோசை திண்டதுக்கும் வழக்கு வைக்கப் போறீரோ என்று கேட்டுவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

இப்போது நம்முடைய விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதத் தொடக்கத்தில், நம் மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, கிரிஜா அந்தப் பதிவைப் போட்டார். பெயர் சொல்லாமல்தான் எழுதினார். ஒரு மேசையில் ஒரு அம்மணி இருக்காங்க, மத்தவங்ககிட்ட புலி, ஒரே ஒரு ஆள் பந்தயத்தை உயர்த்தினா மட்டும் கையில என்ன இருந்தாலும் கீழே வச்சிடறாங்க, இது பாசமா இருக்கலாம், ஆனா போக்கர்ல இதுக்குப் பேர் கூட்டுக் களவு, ரெண்டு பேர் கணக்கையும் மூடிடுவாங்க என்று எழுதியிருந்தார். வாசகர்கள் வந்து சிரித்தார்கள். நீயும் வந்தாய். அது எங்கட அம்மாதான், ஹா ஹா, நான் சொல்லிவிடுறன் என்று எழுதினாய். அடுத்த நாள் எனக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது, சனிக்கிழமைகளைக் கொஞ்சக் காலத்துக்கு நிறுத்துவோம் அம்மா, விதிக்குப் பிழை என்று. அதன் பிறகு நீ வரவில்லை. சனிக்கிழமைகளில் கிரிஜா வீட்டில் வாசகர்கள் எல்லோரும் கூடி விளையாடுகிறீர்கள் என்பதையும் அவர் வலைப்பூவில் போட்ட படத்தில்தான் பார்த்தேன். உனக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, அதில் ஏதோ பொரியல்.

ராசா, நான் களவு செய்யவில்லை. எனக்குக் காட்ஸ் என்றால் நம்மூர் 304 ஆட்டம்தான். நானும் அப்பாவும் கலியாணம் கட்டிய நாளில் இருந்து எதிரெதிரே இருந்து விளையாடியது அதுதான். எதிரே இருக்கிறவர் உன் ஆள், அவர் கேள்வி கேட்டு ஏலம் எடுத்தால் நீ அவருக்காக உன் நல்ல சீட்டையும் இறக்க வேண்டும், அவர் வென்றால் நீ வென்றது. நீ மேசையில் எனக்கு எதிரே வந்து இருந்தாய். நீ உயர்த்தியபோதெல்லாம் என் கை தானாகவே கீழே வைத்தது. போக்கரில் ஒவ்வொருவரும் தனித்தனி என்பதைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவு படித்தவளுக்குப் புத்தி சொன்னது, கைக்குச் சொல்லவில்லை. இதை நீ அவர்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். அம்மா 304 பழக்கத்தில் செய்கிறா என்று ஒரு வரி. அந்த ஹா ஹாவுக்குப் பதிலாக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன பத்து நாளுக்குள் கிரிஜா ஒரு கணக்கு எழுதியிருந்தார். கையிலும் மேசையிலுமாக ஒரே இனத்தில் நான்கு சீட்டு இருக்கிறது, ஐந்தாவது வர வேண்டும், இன்னும் இரண்டு சீட்டுத் திறக்க இருக்கிறது, அப்போது வாய்ப்பு எவ்வளவு என்று. இரண்டு வாய்ப்பையும் கூட்டி முப்பத்தெட்டுக்கு மேல் என்று போட்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. பெயர் போடாமல் ஒரு பின்னூட்டம் எழுதினேன். கூட்டக் கூடாது, இரண்டு தடவையும் வருவதை இரண்டு முறை எண்ணிவிடுகிறீர்கள், இரண்டு தடவையும் வராமல் போவதைப் பெருக்கி நூறிலிருந்து கழியுங்கள், முப்பத்தைந்துதான் வரும் என்று. அது பெயரில்லா சொன்னது என்று விழுந்தது. கிரிஜா வந்து, ஆமாங்க, தப்பு என்னோடதுதான், பதிவைத் திருத்திட்டேன், நீங்க யாருங்க என்று நேர்மையாகக் கேட்டார், அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குக் கீழே நீ வந்தாய். ஆர் இந்த ஆள், என்ன மூளை, எனக்கு இவரிட்டப் படிக்க வேணும் போல கிடக்கு என்று தமிழில் எழுதினாய். நான் அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே. முதலில் சந்தோஷம். பிறகு அந்தப் பெயரில்லாவின் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. என் பிள்ளை இப்படி ஆசையாக ஒரு ஆளைத் தேடுகிறான், அந்த ஆள் நானாக இருந்தும் அது எனக்கு இல்லையே என்று. கிரிஜாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுகூட எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்தே பொறாமைப்படுகிற நிலைக்கு வந்ததும்தான் கொஞ்சம் வெட்கம் வந்து, பேனையை எடுத்தேன். போனில் இதைச் சொன்னால் நீ ஓமம்மா என்று வைத்துவிடுவாய்.

யோசித்துப் பார்த்தேன். நம்மோடு வேறு ஆட்கள் இருக்கிற மேசையில் நான் உனக்கு விட்டுக்கொடுத்தால் அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம், கிரிஜா சொன்னது சரி. ஆனால் இரண்டு பேர் மட்டும் இருக்கிற மேசை என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாம் சேர்ந்து கவிழ்க்க மூன்றாவது ஆளே இல்லை, ஆரையும் ஏமாற்ற முடியாது. வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான் அப்படி ஒரு மேசை திறந்து வைக்கிறேன். நீ உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். கையில் இருப்பதை உனக்காகக் கீழே வைக்க மாட்டேன். தோற்றால் சாப்பிடாமல் படுத்துவிடாதே, அவ்வளவுதான்.

பார்சலில் இரண்டு பைக்கற் மிளகாய்த்தூள் வைத்திருக்கிறேன், நானே வறுத்துத் திரித்தது. ஒன்று உனக்கு. மற்றது கிரிஜாவுக்கு, காய்ச்சல் நேரம் உன்னை விசாரித்ததற்கு. அவருக்கென்று உறைப்பைக் குறைக்கவில்லை, முதல் நாள் அரைக் கரண்டிக்கு மேல் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. சொல்ல மறந்தாலும் பரவாயில்லை. குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, ஈரத் தலையோடு வெளியே இறங்காதே. கோயிலுக்குப் போனால் அப்பாவின் முழங்காலுக்காகவும் ஒரு அர்ச்சனை செய்.

எல்லாக் கடவுளும் உனக்குத் துணை நிற்க வேண்டும், நீ நல்லாய் இருக்க வேண்டும். சனிக்கிழமையை மறக்காதே. நான் வென்றால் நீ போய்க் கிரிஜாவின் வலைப்பூவில் அதை எழுத வேண்டும், தமிழில், ஹா ஹா இல்லாமல். கீழே வந்து பிழை திருத்துவது இந்த முறை நானாக இருப்பேன், பெயரும் போடுவேன்.

இப்படிக்கு
உன் அம்மா
சந்திரவதனா ஸ்ரீகாந்தன்