பத்தொன்பதாம் எண் வண்டி

மார்ச் 20, 2020, வெள்ளி

இன்று டோக்கன் இருநூற்றுப் பதினொன்று வரை ஓடியது. ஒருத்தன் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "ஆயா, தெனம் பாக்கறீங்க, என்னத் தெரியாதா?" என்று பல்லைக் காட்டினான். தெரியும். தெரிந்தால் என்ன? வீட்டுக்குப் போய் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டின பிறகுதான் வண்டியை விட்டேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்த டூவீலர் ஸ்டாண்டில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வண்டி மாறிப் போனதில்லை. படித்தது ஐந்தாவதுதான். குத்தகைக்காரர் தர்மராஜ் மற்ற ஸ்டாண்டு ஆட்களிடம், "சம்பூர்ணம் அக்காவைப் போய்ப் பாருங்கடா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே வரக்கூடாதாம். பேத்தி புவனேஸ்வரி சொன்னாள்.

மார்ச் 24, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்குள் எல்லா வண்டியும் போய்விட்டது. இடம் இவ்வளவு பெரிசு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 30

வீட்டில் இருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 3, புதன்

பஸ் பாதிதான் ஓடுகிறது. டவுனுக்குள் வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது, மறு உத்தரவு வரை இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். காசு கை மாறக்கூடாது, டோக்கன் கை மாறக்கூடாது, ஜனங்கள் வரிசையில் நெருக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. நியாயம்தான். தர்மராஜுக்கும் அந்த மாதங்களுக்குக் குத்தகை தள்ளுபடியாம்.

போனில் கூப்பிட்டார். "அக்கா, நீங்க வர வேணாம். வசூல் இல்லாம சம்பளம் எங்கேருந்து குடுப்பேன்?"

"சம்பளம் கேட்டனா?" என்றேன்.

ஜூன் 4

போனேன். மகன் மணிவண்ணன் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "எலவசத்துக்கு எதும்மா காவல்?" என்றான். வண்டி நிக்குதுல்ல என்றேன்.

அங்கே பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் கிடக்கின்றன வண்டிகள். உள்ளே நிற்கிற வண்டியை எடுக்க முடியாமல் ஒரு ஆள் கத்திக்கொண்டிருந்தான். காசு இல்லை என்றதும் ஒழுங்கும் இல்லை என்று ஆகிவிடுமா?

பேத்தியின் சாக்பீஸ் வாங்கிப்போய்த் தரையில் கோடு போட்டு எண் எழுதினேன். வண்டியை விட்டதும் நாற்காலியில் இருந்தபடியே எண்ணைச் சத்தமாகச் சொல்வேன். எடுக்க வருகிறவர் ஆறடி தள்ளி நின்று அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். தாள் இல்லை, தொடுதல் இல்லை. என் யோசனைதான்.

தர்மராஜ் வந்து பார்த்தார். "கலெக்டர் மூளைக்கா ஒங்களுக்கு."

பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 22, திங்கள்

பிரவீணா என்று ஒரு பெண். பூலாம்பாடி. அரியலூரில் கொரோனா வார்டு நர்ஸ். ஆஸ்பத்திரி வேன் இங்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுகிறது. அவள் அப்பாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வருவாள். நீல நிறம். சாவி இல்லாமலே கிளம்பும், பூட்டும் கிடையாது. அதனால் என் கண்ணெதிரே பத்தொன்பதாம் கட்டத்தில் விடச் சொல்லியிருக்கிறேன்.

இன்று பத்து ரூபாயை நீட்டினாள்.

"போர்டு படிக்கலையா?"

"வண்டியப் பாத்துக்கறீங்கள்ல ஆயா."

"பாத்துக்கறதுக்குக் காசு இல்லன்னுதான் போர்டு."

சிரித்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

ஜூலை 1

பஸ் மறுபடியும் நின்றுவிட்டது. வண்டிகள் மட்டும் வருகின்றன.

ஜூலை 9, வியாழன்

பத்தொன்பதாம் எண் வண்டியைக் காணோம்.

காணோம் என்று எழுதுவது சரியில்லை. நான்தான் கொடுத்தேன்.

நாலு மணி இருக்கும். துண்டை மூக்குவரை சுற்றின ஆள், வெள்ளைச் சட்டை, இடது கையில் கட்டு. "பத்தொம்போது ஆயா" என்றான். "எடு" என்றேன். மிதித்துக் கிளப்பும்போது, "பாடாலூர் செக்போஸ்ட்ல விடுவாங்களா?" என்று கேட்டான். தெரியலப்பா என்றேன். நர்ஸின் வண்டியை இவன் ஏன் எடுக்கிறான் என்று நினைத்தேன். அண்ணனாக இருக்கும் என்றும் நானே நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் ஆளின் மூஞ்சியைப் பார்த்தே தில்லுமுல்லு தெரிந்துவிடும். இப்போது எல்லோருக்கும் பாதி மூஞ்சி.

ஆறு மணிக்கு பிரவீணா வந்து அதே எண்ணைச் சொன்னாள். வெறும் சாக்பீஸ் கட்டத்தில் நின்றாள்.

காலையில் நான் போட்ட சத்தம் ராசாங்கத்தின் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவன் எவனும் வந்து சொல்லலாம். இது எனக்கு ஒரு மாதமாகத் தோன்றவில்லை.

அவளிடம், "சாப்புடப் போயிருந்தேன் பாப்பா, எவனோ தள்ளிட்டுப் போயிட்டான்" என்றேன்.

நான் சாப்பிடப் போகவில்லை.

ஜூலை 10

தர்மராஜ் சொன்னார்: "காசு வாங்கல, டோக்கன் குடுக்கல. நமக்குப் பொறுப்பு இல்லக்கா. வுட்டுத் தள்ளுங்க." ஆமாம் என்றேன்.

பிரவீணா ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

ஜூலை 11

பிரவீணா பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். "நீங்க என்ன பண்ணுவீங்க ஆயா, பாவம். சம்பளம் இல்லாம வந்து ஒக்காந்திருக்கீங்க."

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஜூலை 13, திங்கள்

அவள் வரவில்லை. பால் வண்டி கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரி வேன் பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் ரெண்டு தடவை ஹாரன் அடித்தான். "வார்டுல ஆளே இல்ல ஆயா, இதுவும் வரலன்னா எப்புடி?" என்று என்னைக் கேட்டான். என்னைக் கேக்கறான். எனக்குத்தான தெரியும் பாடாலூர்னு! எவனுக்கும் தெரியாது, எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நாலு நாளா வாய மூடிக்கிட்டு அங்கயே ஒக்காந்திருக்கேன். என்னா மனுசி நான்?

மருமகள் கமலவேணி சாப்பாடு போட்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். ஏன் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன். "நாளைக்கு நானும் வரவா அத்தை?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 14

ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். வெள்ளைச் சட்டை, கைக்கட்டு, பாடாலூர்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றார் எழுதுகிறவர்.

"பேரு கெட்டுடும்னு சொல்லல."

நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதினார். மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். பேனா கேட்டேன். முழுதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கிருந்தே பிரவீணாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அஞ்சு நாளா ஆயா?" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 15

ராசாங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டான். "என்னா ஆயா, பதினாலு வருசப் பேரு அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டீயப் போடு."

ஜூலை 17, வெள்ளி

வண்டி கிடைத்துவிட்டது. செக்போஸ்ட் நோட்டில் ஒன்பதாம் தேதி சாயங்காலம் வண்டியின் நம்பர் பிளேட் எண் இருந்ததாம். இ-பாஸ் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவன் பாடாலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பின்னால் விட்டுவிட்டு நடந்தே போயிருக்கிறான். ஆளைப் பிடித்ததில், பஸ் இல்லை, வீட்டுக்குப் போக வழியில்லை, திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்றுதான் இருந்தேன் என்றானாம். மெய்யோ பொய்யோ.

ஸ்டேஷனில் சொன்னது: "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே எடுத்திருப்போம்மா." எழுதி வைக்கிறேன்.

பிரவீணாவின் அண்ணன் வந்து வண்டியை எடுத்துப் போனான்.

ஜூலை 20

ஸ்டாண்டில் இப்போது எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை. தரையில் எழுதினதை விரலால் காட்டுகிறேன். முதல் நாளே காட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 6

பிரவீணா வண்டியை எதிரே மூடிக் கிடக்கும் கடை வாசலில் விடுகிறாள். சங்கிலி வாங்கிப் போட்டிருக்கிறாள். அங்கே பூராவும் வெயில். இந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 19

பத்தொன்பதாம் கட்டத்தில் யாரையும் விடச் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, தரை சரியில்லை என்றேன். தரை நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

நாளையிலிருந்து பஸ் முழுசாக ஓடுகிறது. கட்டணமும் உண்டு. தர்மராஜ் போனில், "அக்கா, நாளைக்கு வர்றீங்களா?" என்றார். பதினாலு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டதில்லை. வாங்க என்றுதான் சொல்வார்.

வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 7, திங்கள்

ஏழு மணிக்கே டோக்கன் கட்டு வந்துவிட்டது. முகக்கவசம் போட்டுக்கொண்டேன். கட்டணம் என்றதும் பாதிப்பேர் எதிர்ச் சாரியில் ரோட்டோரமாகவே விட்டார்கள். அங்கே கேட்பார் இல்லை.

ஏழே முக்காலுக்கு பிரவீணா வந்தாள். கடை வாசல் வரை போனாள். கடை இன்னும் மூடித்தான் கிடந்தது, இடமும் இருந்தது. கொஞ்சம் நின்றாள். அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து பத்தொன்பதில் நிறுத்தினாள்.

பத்து ரூபாயை நீட்டினாள். இந்தத் தடவை நான் போர்டைக் காட்டவில்லை.

வாங்கிக்கொண்டேன். டோக்கனைக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் கட்டினேன். மறு பாதியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை.